பித்த உப்பும் ஒரு முழம் பட்டு நூலும்

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "நீங்க இன்னா வேலை பாத்தீங்க?" என்று கேட்டால் நான் இரண்டு விதமாகப் பதில் சொல்வேன். பாயசம் வந்துவிட்டிருந்தால் "கெமிஸ்ட்ரி லேப்ல" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். இன்னும் வரவில்லை என்றால் உள்ளதைச் சொல்வேன்: "பித்த உப்பைத் தண்ணியில கரைச்சு, அது எப்பக் கூட்டம் சேருதுன்னு அளந்துக்கினு இருந்தேன்." கேட்டவர் அதற்குப் பிறகு என் பக்கமே திரும்ப மாட்டார். என் வீட்டுக்காரருக்கு இது பெரிய வேடிக்கை. "அவளுக்கு முன்னாடியே பித்தம் ஜாஸ்தி, வேலையும் அதுலயே அமைஞ்சிட்டுது" என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல்லி வைத்திருக்கிறார்.

ஓய்வு பெற்ற பிறகு பித்தத்தை மறந்து நிம்மதியாகத்தான் இருந்தேன். போன மாதம் ஷீபா போன் செய்தாள். காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியின் பின்கட்டில் இருக்கிற எங்கள் பழைய ஆய்வுக்கூடத்தில், முரளியின் கீழ், அவள் இப்போது ஒப்பந்த உதவியாளர். நான் உட்கார்ந்த அதே நாற்காலி.

"மேடம், புது மெஷின் வந்துருக்குது. அதுவே அளக்குது, அதுவே கிராஃப் போடுது, அதுவே ரெண்டு நேர்க்கோடு இழுத்து, கோடு சந்திக்கிற எடத்துல ஒரு நம்பர் குடுக்குது. சோப்புக்கு சூப்பரா வருது. பித்த உப்புக்கு ஒவ்வொரு வாட்டியும் வேற நம்பர் மேடம். முரளி சார் ரிப்போர்ட்டுக்கு ஒரே நம்பர்தான் வேணும்ன்றாரு. எனக்கு அங்க நம்பரே இல்லன்னு தோணுது. சும்மா வளைஞ்சுக்கினு போவுது." பிறகு கேட்டாள்: "அடுத்த மாசம் என் கான்ட்ராக்ட் முடியுது. இப்படிச் சொன்னா இன்னொரு வருஷம் குடுப்பாங்களா?"

அந்த நாற்காலியில் உட்கார்ந்து இதே கேள்வியை நான் என்னையே கேட்டுக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. "நாளைக்கு வர்றேம்மா" என்று சொல்லி வைத்தேன். நாளை வருவதற்குள் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நாம் சாப்பிடும் நெய்யும் எண்ணெயும் தண்ணீரில் கரையாது. எண்ணெய்ச் சட்டியில் சோப்பு என்ன செய்கிறதோ, அதைக் குடலுக்குள் பித்த உப்பு செய்கிறது. தண்ணீரில் கொஞ்சமாகப் போட்டால் அதன் மூலக்கூறுகள் தனித்தனியாக அலையும். மேலும் மேலும் போட்டால் ஒரு கட்டத்தில் ஒன்றோடொன்று சேர்ந்து சின்னச் சின்னக் கூட்டமாகும். அந்தக் கூட்டத்துக்கு மிசெல் என்று பெயர். அதன் மடியில்தான் கொழுப்பு ஏறிக்கொண்டு தண்ணீரில் பயணம் செய்யும். எவ்வளவு போட்டால் கூட்டம் சேருகிறது என்று அளப்பது எங்கள் வேலை. பித்தம் சரியாகச் சுரக்காத குழந்தைகளுக்கு, கொழுப்பில் கரையும் வைட்டமின்களை எப்படி உடம்பில் சேர்ப்பது என்று மருத்துவர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். அவர்களுக்கு இந்த அளவு தேவைப்பட்டது.

எனக்குச் சொந்த ஊர் திருப்பருத்திக்குன்றம். ஜைனக் குடும்பம். காஞ்சிபுரத்தில் பி.எஸ்ஸி., சென்னையில் எம்.எஸ்ஸி., நடுவில் நிறைய பஸ். படிப்பைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. வேலை கிடைத்த அன்று அப்பாவிடம் சந்தோஷமாகச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது சம்பளத்தை அல்ல.

"பித்த உப்புன்னா, அத எதுலேர்ந்து எடுக்கறாங்க?"

"மாட்டுப் பித்தத்துலேர்ந்துப்பா."

அப்பா அன்று எழுந்து போய்விட்டார். எறும்பு ஏறிய சர்க்கரை டப்பாவை வெயிலில் வைத்து, எறும்பு எல்லாம் தானாகப் போகும்வரை காத்திருக்கிற மனிதர். எங்கள் வீட்டில் பட்டு உடுத்துவதில்லை. புழுவைக் கொதிநீரில் போட்டு எடுக்கிற நூல் நமக்கு வேண்டாம் என்பது தாத்தா காலத்து முடிவு. பட்டுக்குப் பேர்போன ஊரை ஒட்டி இருந்துகொண்டு, கல்யாணத்துக்குக்கூடப் பருத்திச் சேலையில் போய் நிற்கிற பெண்கள் நாங்கள். இந்த வீட்டுப் பெண் மாட்டுப் பித்தத்தை அளக்கப் போகிறாள் என்றால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்? வேலை போச்சு என்றுதான் நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அவராகவே கூப்பிட்டார். "கொழந்தைங்களுக்கு மருந்து போவுதுன்னா போம்மா. ஆனா ஒண்ணு. தேவையானதுக்குத் தொடு. தேவையில்லாததுக்குத் தொடாதே."

அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டுதான் என் உத்தியோகம் முழுவதும் ஓடியது. பித்த உப்பில் ஒரு துணுக்குகூட நான் சிந்த மாட்டேன். அளந்து முடித்த கரைசலைச் சாக்கடையில் ஊற்றாமல், ஆவியாக்கி உப்பைத் திரும்ப எடுத்துச் சுத்தப்படுத்தி வைப்பேன். மற்றவர்கள் என்னைக் கஞ்சம் என்றார்கள். எங்கள் தலைவர் ஏகாம்பரம் சார் மட்டும் "இந்தப் பொண்ணு பாட்டில வீட்டுக்கு எடுத்துக்கினு போய் ஊறுகாய் போடுதான்னு பாருங்கப்பா" என்று கிண்டல் செய்தாலும், அடுத்த பாட்டில் இருக்கிற அலமாரிச் சாவியை என்னிடம்தான் கொடுத்தார்.

சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லாம் தறியில் உட்கார, இவர் ஒருவர் படித்து டாக்டர் பட்டம் வாங்கி சோப்புக் கரைசல்களில் பெரிய ஆள் ஆனவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. உடன்பாடு இல்லை என்றால் "அப்படியா" என்பார், கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைப்பார். துடைக்கத் துடைக்க எதிரில் இருப்பவருக்கு வியர்த்துவிடும். கிராஃப் தாளைக் கொடுத்தால் முதலில் பார்க்க மாட்டார். சேலைக் கரையில் முடிச்சு இருக்கிறதா என்று தடவுவதுபோல், கோட்டின்மேல் ஆள்காட்டி விரலை ஓட்டுவார். "இங்க தட்டுதும்மா, இந்தப் புள்ளிய மறுபடி எடு" என்பார். எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் அந்தப் புள்ளி தப்பாகத்தான் இருக்கும்.

அப்போது மெஷின் எதுவும் கிடையாது. ஒரு கண்ணாடிக் குழாய்தான். நடுவில் குமிழ், கீழே மயிரிழை நுழையும் அளவு துளை. கரைசலைக் குறி வரைக்கும் உறிஞ்சி ஏற்றி விட்டுவிட வேண்டும். சொட்டுச் சொட்டாக விழும். குமிழ் காலியாவதற்குள் எத்தனை சொட்டு என்று எண்ண வேண்டும். தண்ணீரின் மேல்தோல் இறுக்கமாக இருந்தால் சொட்டு பெரிதாகத் தொங்கி விழும், எண்ணிக்கை குறையும். சோப்போ பித்த உப்போ கலந்தால் தோல் தளரும், சொட்டு சின்னதாகும், எண்ணிக்கை ஏறும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, சித்திரை வெயிலில், யாராவது பேசினால் கையைக் காட்டி அடக்கிவிட்டு, சொட்டு எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எனக்கு அது பிடித்திருந்தது. பொய் சொல்லாமல் கூட்டம் சேருகிற ஒன்றைப் பக்கத்திலிருந்து பார்க்கிற சந்தோஷம் அதில் இருந்தது.

சோப்புக் கரைசலில் தோல் தளர்ந்துகொண்டே வந்து, மிசெல் சேரத் தொடங்கியதும் சட்டென்று நிற்கும். தோலின் இறுக்கத்தைக் கிராஃப் போட்டால், கோடு இறங்கி, ஒரு மூலையில் திரும்பி, தரையோடு போகும். அந்த மூலைதான் விடை. பித்த உப்பிலும் அந்த மூலை வர வேண்டும் என்று சார் எதிர்பார்த்தார். அவர் அளந்தபோது வந்தது. அழகான மூலை. நான் அளந்தபோது வரவில்லை. என் கோடு மெல்ல வளைந்து வளைந்து, எங்கே திரும்பியது என்று சொல்ல முடியாமல் போய்க்கொண்டே இருந்தது.

பாட்டில் ஒன்று, தண்ணீர் ஒன்று, குழாய் ஒன்று. அளப்பவர்தான் இருவர்.

சார் என் தாளில் விரலை ஓட்டினார். எங்கேயும் தட்டவில்லை. அதுதான் அவரைத் தொந்தரவு செய்தது.

"இன்னாம்மா இது, மூலைய காணோம்?"

"கோடு மூலையா உடையல சார். வளையுது."

"அப்படியா" என்றார். கண்ணாடியைக் கழற்றினார்.

அந்தச் சமயத்தில்தான் என் வேலையைப் புதுப்பிக்க வேண்டிய கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆண்டுதோறும் குழு கூடி, திட்டத்தில் வந்த முடிவுகளைப் பார்த்துத்தான் எனக்கு அடுத்த ஆண்டு உண்டா இல்லையா என்று சொல்வார்கள். தலைவரின் அளவோடு ஒத்துப்போகாத உதவியாளரை யார் வைத்துக்கொள்வார்கள்? ஊரோடு இருந்து பார்க்கிற ஆராய்ச்சி வேலை குதிரைக்கொம்பு, எனக்கு எப்படியோ கிடைத்திருந்தது. இது போனால் டியூஷன், இல்லையென்றால் மாப்பிள்ளை பார்ப்பது என்று வீட்டில் அம்மா தயாராக இருந்தார். நான் பயந்தேன். இரண்டு புள்ளிகளை லேசாகத் தள்ளி வைத்தால் என் கோட்டிலும் மூலை வந்துவிடும் என்று தெரியும். பென்சில் கையில்தான் இருந்தது. எத்தனை முறை அளந்தாலும் வளைவுதான் வந்தது, அதனால் தள்ளி வைக்க மனம் வரவில்லை.

சார் என்னைத் திட்டியிருக்கலாம். "உனக்குக் கை சரியில்ல" என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். அவர் இரண்டு தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு புள்ளியாக ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"ரெண்டு பேர் அளந்தா ரெண்டு பதில் வரக்கூடாதும்மா. ஒண்ணு என் கையில தப்பு, இல்லன்னா உன் கையில. நாளைக்கு நீ செய்யறத நான் செய்யறேன். நான் செய்யறத நீ செய். ஒருத்தர் செய்யறப்ப இன்னொருத்தர் கூட நிக்கணும். எதையும் வுடக்கூடாது."

மறுநாள் காலை ஆரம்பித்தோம். முதலில் என் முறை. சார் செய்வதை அப்படியே நான் செய்ய வேண்டும். கரைசல் தயாரித்தேன். குழாய் அமிலத்தில் ஊறிக் கழுவி வந்திருந்தது. சுத்தத் தண்ணீரின் சொட்டை எண்ணினோம். சரியாக இருந்தது. முதல் கரைசலை எண்ணினேன். அதுவும் அவர் கணக்கோடு ஒத்தது. அடுத்த கரைசலுக்கு மாறும்முன் குழாயைச் சுத்தம் செய்ய வேண்டும். சார் மேசை இழுப்பறையைத் திறந்து, ஒரு முழ நீளத்துக்கு வெள்ளைப் பட்டு நூலை எடுத்து நீட்டினார்.

அவர் அப்படித்தான் செய்வார். நூலை நனைத்துத் துளைக்குள் விட்டு, மேலே உறிஞ்சி இழுத்து, குழாயின் உட்சுவரைத் துடைத்துவிட்டுத் தண்ணீர் விட்டு அலசுவார். பட்டைவிட மெல்லிய, பிசிறில்லாத நூல் உலகத்தில் உண்டா என்று கேட்பார். வெளியூர் ஆய்வுக்கூடங்களில் இல்லாத வசதி நம் ஊரில் இருக்கிறது என்பதில் அவருக்கு ஒரு பெருமை.

நான் கையை நீட்டவில்லை.

"சார், இது மட்டும் என்னால முடியாது."

"எது?"

"பட்டு நூல். எங்க வீட்டுல தொடறதில்ல சார். தேவையில்லாததுக்குத் தொடக்கூடாதுன்னு அப்பா சொல்லித்தான் அனுப்பிச்சிருக்காரு."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. மூலையும் வரவில்லை, சொன்னதையும் செய்யவில்லை. இனி இந்த வேலை எனக்கு இல்லை என்று அந்த நிமிஷம் முடிவே செய்துவிட்டேன். சார் கோபப்படவில்லை. நூலைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"அப்ப இத்தினி நாளா நீ குழாய எப்படி சுத்தம் பண்ற?"

"வெந்நீர் சார். உறிஞ்சி உறிஞ்சி விடுவேன். நூலே விட்டதில்ல."

சார் என்னைப் பார்த்தார். நூலைப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்ததா, அவருக்கு முதலில் புரிந்ததா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. இருவர் கையிலும் வித்தியாசப்பட்ட ஒரே விஷயம் அந்த நூல்தான். அவர் ஒரு சோதனைக் குழாயை எடுத்தார், சுத்தத் தண்ணீர் விட்டார், நூலைச் சுருட்டி உள்ளே போட்டார், கட்டைவிரலால் மூடிக் குலுக்கினார்.

நுரைத்தது.

சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எங்க வூட்டு சோப்பு" என்றார்.

எனக்கு அப்போதுதான் அவர் விளக்கினார். பட்டு நூலில் இயற்கையிலேயே ஒரு பசை உண்டு. சாயம் போடுவதற்கு முன்னால் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்து அந்தப் பசையை எடுப்பார்கள். அப்புறம் சாயத்தில் முக்கி, பல தண்ணீரில் அலசினால் சோப்பெல்லாம் போய்விடும். சாய நூலைக் குழாயில் விட்டால் நிறம் இறங்கிவிடுமோ என்று பயந்து, சார் வீட்டில் பசை எடுத்த கையோடு, சாயத்துக்குப் போகாத வெள்ளை நூலாகப் பார்த்துக் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். பார்வைக்கு அதைவிடச் சுத்தமான நூல் கிடையாது. அதன் புரிக்குள் சோப்பு உட்கார்ந்திருந்தது. வாழ்நாளெல்லாம் அவர் அளந்தது சோப்புக் கரைசல். அதில் இன்னும் ஒரு துளி சோப்பு சேர்ந்தால் யாருக்குத் தெரியும்? பித்த உப்பில்தான் அது தலைகாட்டியது. அந்த அழகான மூலையைத் திருப்பியது பித்த உப்பு இல்லை, நூலில் வந்த சோப்பு. சுத்தத் தண்ணீரும் எங்களுக்குக் காட்டிக்கொடுக்கவில்லை. நூல் நுழைந்ததெல்லாம் தண்ணீரை எண்ணி முடித்த பிறகுதான்.

தறிக்காரர் வீட்டில் பிறக்காதவர் யாரும் அந்த நூலைத் தேடிப் போயிருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் பிறக்காதவர் யாரும் அதைத் தொட மாட்டேன் என்று அடம்பிடித்திருக்கவும் மாட்டார்கள்.

மத்தியானம் சார் வெந்நீர் முறையில் முதலிலிருந்து அளந்தார். நான் பக்கத்தில் நின்றேன். புள்ளி புள்ளியாகக் கோடு மெல்ல வளைந்தது. முடித்ததும் விரலை ஓட்டிப் பார்த்தார். தன் பழைய தாளை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு கிழித்தார்.

ஏன் வளைகிறது என்பதைப் பிறகு நிறையப் படித்துப் புரிந்துகொண்டோம். சோப்பு மூலக்கூறுக்குத் தலை உண்டு, வால் உண்டு. ஒரு அளவு வந்ததும் எல்லாம் வாலை உள்ளே இழுத்துக்கொண்டு ஒரே நேரத்தில் கூடிவிடும். பித்த உப்பு தட்டையானது. ஒரு முகம் தண்ணீரை விரும்பும், மறுமுகம் ஒதுங்கும். அது முதலில் முதுகோடு முதுகு சேர்ந்து ஜோடியாகும், பிறகு இன்னும் கொஞ்சம், பிறகு இன்னும் கொஞ்சம். இதுதான் அந்தக் கணம் என்று ஒரு புள்ளியைக் காட்ட முடியாது.

குழுக் கூட்டத்துக்கு சார் அந்தச் சோதனைக் குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். எல்லோர் முன்னாலும் குலுக்கிக் காட்டி, தன் அளவு தப்பு என்று அவரே சொன்னார். நான் வெளியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தவர் என்னைத் தாண்டிப் போனார். வேகமாகப் படி இறங்கினார். பாதியில் நின்று, "அடுத்த மாசம் வேற பாட்டில் வருதும்மா. அதையும் நீயே பாத்துடு" என்றார். எனக்கு வேலை இருக்கிறது என்று அப்படித்தான் தெரிந்தது. பெஞ்சிலேயே உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

அப்பாவிடம் சொன்னபோது, அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நான் புழுவுக்காகச் சொன்னேன். உங்க சாரு அதுல சோப்பக் கண்டுபிடிச்சாரா?"

சார் இப்போது இல்லை. அந்தச் சோதனைக் குழாய் இருக்கிறது. தக்கை வைத்து, மெழுகு ஊற்றி, நூலோடு அலமாரியில் நிற்கிறது. ஆய்வுக்கூடத்தில் யார் புதிதாகச் சேர்ந்தாலும் முதல் நாள் அதை எடுத்து ஒருமுறை குலுக்க வேண்டும் என்று சார் வைத்துவிட்டார். முரளி சேர்ந்த அன்று அவன் கையில் அதைக் கொடுத்தது நான்தான். இப்போது அவர் தலைவர். மரியாதையோடுதான் சொல்ல வேண்டும்.

ஷீபா போன் செய்த மறுநாள் நான் ஆய்வுக்கூடத்துக்குப் போனபோது முரளியும் ஷீபாவும் மெஷின் முன்னால் நின்றிருந்தார்கள். திரையில் ஷீபாவின் வளைவு. அதன்மேல் மெஷின் தானாக இழுத்த இரண்டு நேர்க்கோடுகள், அவை சந்திக்கிற இடத்தில் ஒரு எண்.

"வாங்க மேடம்" என்றார் முரளி. "நீங்களே சொல்லுங்க. ரிப்போர்ட்டு கேக்கறவங்க ஒரு நம்பர் கேக்கறாங்க. வளையுதுன்னு எழுதினா இன்னா நெனைப்பாங்க?"

என்ன சொல்லலாம் என்று நான் யோசிப்பதற்குள் ஷீபா பேசிவிட்டாள். "சார், மெஷின் கோடு போடுது, ஏன்னா அதுக்குக் கோடு போடத்தான் தெரியும். நான் மூணு வாட்டி அளந்துட்டேன். பாத்திரத்துல சோப்பு பட்டிருக்குமோன்னு நீங்க நெனைச்சா, நீங்களே ஒரு வாட்டி அளந்துடுங்க சார். நான் கூட நிக்கறேன்."

முரளியின் கண் அலமாரிப் பக்கம் போனதை நான் பார்த்தேன். பிறகு சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு, குடுவைகளைக் கழுவப் போனார்.

சாப்பாட்டு வேளை தாண்டியும் யாரும் எழுந்திருக்கவில்லை. கரைசல் ஒவ்வொன்றையும் அவரே தயாரித்து, அவரே மெஷினில் வைத்தார். ஷீபா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. ஷீபாவின் புள்ளிகள் மேலேயே உட்கார்ந்தன. கடைசிப் புள்ளி வந்ததும் முரளி ஆள்காட்டி விரலைக் கண்ணாடித் திரையில் வைத்து, இடமிருந்து வலமாக மெதுவாக ஓட்டினார். அவருக்கு அந்தப் பழக்கம் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

"தட்டல" என்றார். "வளையுதுதான். அந்த ரெண்டு கோட்டையும் எடுத்துடும்மா."

ஷீபா எடுத்தாள். வெறும் வளைவு மட்டும் திரையில் நின்றது. அவள் இன்னும் அவர் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். முரளி கையைத் துடைத்துக்கொண்டு கதவு வரை போனவர் திரும்பினார்.

"அடுத்த மாசம் வேற உப்பு வருது ஷீபா. அதையும் நீயே பாத்துடு."